தெற்கு டெக்சாஸ் முட்காட்டில் கொயோட்டி வேட்டை: காற்றையும் தரையையும் பார்த்து உட்காரும் முறை

டெக்சாஸில் வேலைக்கு வந்து, குறிசுடும் மைதானத்தில் கொஞ்சம் பழகிவிட்டு, அடுத்ததாக வேட்டைக்குப் போக நினைப்பவருக்குக் கொயோட்டி (நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயினம்) நல்ல தொடக்கம். அதற்குப் பருவத் தடை இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வரவேற்பார்கள். முறை இதுதான்: ஓரிடத்தில் மறைந்து உட்கார்ந்து, முயல் அலறல் போன்ற ஒலியை எழுப்பி, கொயோட்டியை அருகே வரவழைத்துச் சுடுவது. சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. கொயோட்டி வேட்டைக்கான பாடங்களில் பெரும்பகுதி முந்நூறு யார்டு தெரியும் புல்வெளிக்காகச் சொல்லப்பட்டவை. லரேடோ, கோட்டுலா பக்கத்து முட்காட்டில் முப்பது நாற்பது யார்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அடியில் அடர்ந்திருப்பது சப்பாத்திக்கள்ளி. இராமநாதபுரத்துக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து பார்த்தவருக்கு எவ்வளவு தூரம் கண் எட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் கொயோட்டியைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களை முகர்ந்துவிடும். முகர்ந்தால் ஓசையில்லாமல் திரும்பிப் போய்விடும். வந்தது என்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் உட்காரும் இடத்தைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் வாடை எங்கே போய் விழும்?" என்பது. கொயோட்டி எங்கே இருக்கும் என்பது இரண்டாவது கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் காகித வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது, குறிப்பாக விசாவில் இருப்பவர்களுக்கு.

1. காகிதங்களை முதலில் முடியுங்கள்

டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறை தரும் வேட்டை உரிமம் வேண்டும். மாநிலத்தில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வசித்தவர் உள்மாநிலத்தவர். அவருக்கு 25 டாலர். வெளிமாநிலத்தவருக்குப் பொது உரிமம் 315 டாலர். கொயோட்டி மட்டும்தான் என்றால் அவ்வளவு செலவு தேவையில்லை: 48 டாலருக்கு 5 நாள் சிறப்பு உரிமம் கிடைக்கும். கொயோட்டி 'வேட்டை விலங்கு' பட்டியலில் இல்லாத உயிரினம் என்பதால் அந்த உரிமம் செல்லும். கட்டணங்கள் மாறக்கூடியவை, வாங்கும் நாளில் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்கல்விச் சான்று பெற வேண்டும். 17 வயது நிறைந்தவர் முழுவதையும் இணையத்திலேயே முடிக்கலாம். ஒரு வார இறுதி போதும். நேரமில்லை என்றால் 10 டாலருக்கு ஒத்திவைப்புச் சீட்டு வாங்கலாம். அது வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். அந்தச் சீட்டோடு போகும்போது, உரிமமும் சான்றும் உள்ள 17 வயது நிறைந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். என் கருத்தில் அதை வாங்காதீர்கள், படித்துவிடுங்கள். முள்ளுக்குள் துப்பாக்கியோடு உட்காருவதற்கு முன் அந்தப் பாடம் தேவைப்படும்.

இனி வருவது எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்களுக்கு. கூட்டாட்சிச் சட்டப்படி உங்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் கையில் வைத்திருக்கவே தடை. வாங்குவது மட்டுமல்ல, நண்பருடையதை இரவல் வாங்குவதும் அதில் சேரும். இதற்கு உள்ள விலக்குகளில் நமக்குப் பயன்படுவது, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதாவது அந்த 25 டாலர் உரிமம்தான் துப்பாக்கியைத் தொடும் உரிமையையே உங்களுக்குத் தருகிறது. டெக்சாஸ் ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது, எந்த மாதம் வாங்கியிருந்தாலும் சரி. செப்டம்பர் 1 அன்று புதிய உரிமம் இல்லையென்றால், வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கிகூடச் சட்டவிரோதம். புதிய ஆண்டு உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே வாங்கிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி: ஆடு மாட்டைத் தாக்கும் கொயோட்டியை நில உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ உரிமம் இல்லாமலே கொல்லலாம் என்று மாநிலச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பண்ணைக்காரர்கள் நல்லெண்ணத்தோடு "உரிமமே வேண்டாம், வாருங்கள்" என்பார்கள். அது அவர்களுக்குப் பொருந்தும். விசாவில் இருப்பவருக்கு உரிமம் இல்லாமல் எந்த விலக்கும் உதவாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். இதில் தவறு நடந்தால் அபராதத்தோடு முடியாது, விசாவும் போகும்.

கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். இப்போதைய முகவரி உள்ள அரசு அடையாள அட்டை, ஐ-94 எண், வேட்டை உரிமம் மூன்றையும் கொண்டு போங்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். வாகனப் பதிவுச் சீட்டு போல இன்னோர் அரசு ஆவணத்தில் புதிய முகவரி இருக்க வேண்டும். பின்புலச் சோதனை உடனே முடியாமல் சில நாள் இழுக்கலாம், அதனால் வேட்டைக்குப் போகும் வாரத்தில் கடைக்குப் போகாதீர்கள்.

லரேடோ பக்கம் போகிறவர்கள் கடவுச்சீட்டையும் ஐ-94 நகலையும் வண்டியில் வைத்திருங்கள். ஐ-35 நெடுஞ்சாலையில் லரேடோவுக்கு வடக்கே எல்லைக்காவல் சோதனைச்சாவடி இருக்கிறது. 281ஆம் நெடுஞ்சாலையில் ஃபல்ஃபூரியாஸ் அருகிலும் ஒன்று உண்டு. திரும்பி வரும்போது அங்கே நிறுத்திக் கேட்பார்கள்.

2. நிலத்துக்கு எழுத்தில் அனுமதி

தெற்கு டெக்சாஸில் ஏறத்தாழ எல்லாமே தனியார் நிலம். உரிமையாளரின் இசைவில்லாமல் வேட்டையாடுவது குற்றம். வாய்ச்சொல் போதும் என்று அவரே சொன்னாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: உங்கள் பெயர், நிலத்தின் அடையாளம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, வண்டி எண், அவர் கையொப்பம், தொலைபேசி எண். வனவிலங்குக் காவலர் வந்தால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வேலிக் கம்பத்திலோ மரத்திலோ செங்குத்தாக ஊதா நிறக் கோடு தெரிந்தால் அது 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமம். தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், குறைந்தது 8 அங்குல நீளத்தில் இருக்கும். அடர்புதரில் நடக்கும்போது எல்லை தாண்டுவது எளிது. நீங்கள் இந்தப் பக்கம் நின்றாலும் தோட்டா எல்லையைத் தாண்டிப் போனால் அதுவும் குற்றம். எல்லைக்கோட்டைக் கைப்பேசி வரைபடத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள், உள்ளே சமிக்ஞை இருக்காது.

அனுமதி கேட்கப் போகும் நேரமும் முக்கியம். நவம்பரிலும் டிசம்பரிலும் பெரும்பாலான பண்ணைகள் மான் வேட்டைக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், யாரும் உங்களை உள்ளே விடமாட்டார்கள். தெற்கு மண்டலத்தில் பொது மான் பருவம் ஜனவரி மூன்றாம் ஞாயிறோடு முடிகிறது. அதற்கடுத்த வாரம் கேளுங்கள். கன்று போடும் காலம் நெருங்குவதால் உரிமையாளருக்கும் அப்போது கொயோட்டியைப் பற்றிய கவலை இருக்கும்.

3. எந்த வாரம், எந்த மணி

ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை புதியவருக்கு ஏற்ற காலம். அது அவற்றின் இணைசேரும் பருவம். தன் எல்லையைக் காக்கும் உணர்வு மிகுந்திருக்கும், அழைப்புக் குரலுக்கு வரும். குட்டிகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கின்றன. அப்போது தாய் தந்தை இரண்டுமே குட்டிகளைக் காப்பதிலும் ஊட்டுவதிலும் இருக்கும். அந்த மாதங்களில் போகாமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மார்ச் நடுவிலிருந்து கிலுகிலுப்பைப் பாம்புகளும் வெளியே வந்துவிடும். குளிர்காலத்திலும் வெயில் ஏறிய நாளில் வரலாம், அதனால் முழங்கால் வரை பாம்புக்காப்பு உறை எல்லா மாதமும் போடுங்கள். உறைக்கு ஏறத்தாழ 80 முதல் 150 டாலர் ஆகும்.

நாளைத் தேர்வது காற்றைப் பொறுத்தது. இந்தப் பகுதியில் வழக்கமான காற்று மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தென்கிழக்காக வரும். குளிர்காலத்தில் ஒரு குளிர்முனை (வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) இறங்கினால் சட்டென்று வடக்காகவோ வடமேற்காகவோ திரும்பி, முதல் நாள் பலமாக அடிக்கும். இரண்டாம் நாள் தணியும், மறுபடி தென்கிழக்குக்குத் திரும்பும். அந்த இரண்டாம் நாள் காலை மிக நல்லது: குளிர், தெளிந்த வானம், நிலையான இளங்காற்று.

மணிக்கு 5 முதல் 10 மைல் வேகக் காற்றுதான் உங்களுக்கு வேண்டியது. காற்றே இல்லாத காலை நல்லதென்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் 3 மைலுக்குக் கீழே காற்றுக்குத் திசை கிடையாது. உங்கள் வாடை உங்களைச் சுற்றியே தேங்கி, நினைத்த பக்கமெல்லாம் ஊரும். 15 மைலுக்கு மேல் போனால் இலையும் முள்ளும் எழுப்பும் ஓசையில் உங்கள் அழைப்பொலி கேட்காது, நெருங்கி வருவதும் உங்களுக்குக் கேட்காது.

4. வீட்டிலேயே வரைபடத்தில் ஆறு இடம் குறியுங்கள்

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து இவற்றைத் தேடுங்கள். முதலாவது சென்டேரோ: எரிவாயுக் குழாய்க்காகவோ மான் வேட்டைக்காகவோ புதரை வெட்டி நேர்க்கோடாக விட்ட பாதை. இரண்டு சென்டேரோ வெட்டிக்கொள்ளும் மூலை இன்னும் நல்லது. அடுத்து மாட்டுக்குட்டையும் அதன் கரையும், ஓடைப்படுகை, புதர் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் விளிம்பு, மின்கம்பித் தடம். கொயோட்டி அடர்ந்த முள்ளின் நடுவே முட்டி மோதி நடப்பதில்லை. விளிம்பையும் மாட்டுத்தடத்தையும் ஓடைமணலையும் பிடித்தே நடக்கும். மணலில் காலடி, பாதையின் நடுவில் எச்சம் இரண்டும் அதைக் காட்டும்.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: தென்கிழக்குக் காற்றுக்கு எங்கே உட்காருவது, வடகாற்றுக்கு எங்கே உட்காருவது. ஒரே இடம் இரண்டுக்கும் ஒத்துவருவது அரிது. அன்றைய காற்றுக்கு ஒவ்வாத இடத்தை "இவ்வளவு தூரம் வந்தாயிற்று" என்று முயன்று பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் கொயோட்டிக்கு அந்த ஒலியும் மனித வாடையும் சேர்ந்தே வரும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு வருவீர்கள். அடுத்த முறை சரியான காற்றில் போனாலும் வராது.

இடங்களுக்கு நடுவே அரை மைல் இடைவெளி போதும். திறந்த வெளியில் ஒரு மைல் தேவைப்படும், ஆனால் முட்காடு ஒலியை விழுங்கிவிடும்.

5. தரைக்காற்றைப் பாருங்கள், வானிலைச் செயலியை மட்டும் நம்பாதீர்கள்

செயலி சொல்வது வெட்டவெளியில் உயரத்தில் அடிக்கும் காற்று. புதருக்குள் இடுப்பளவு உயரத்தில் அது பாதி வேகத்தில் இருக்கும், திசையும் மாறியிருக்கும். அதைக் காண இரண்டு பொருள் வையுங்கள். ஒன்று, மணமில்லாத தூள் அடைத்து அழுத்தினால் புகை போல ஊதும் சிறு புட்டி. விலை சில டாலர். அது கையருகே நடப்பதைக் காட்டும். மற்றது மில்க்வீட் செடியின் காய்ப்பஞ்சு. நம் எருக்குக்கு உறவான செடி அது. பஞ்சும் எருக்கம்பஞ்சு போலவே மிதக்கும். ஓர் இழையை விட்டால் ஐம்பது அறுபது யார்டு வரை கண்ணால் தொடரலாம். வாடை போகும் வழியையும், அது எங்கே திரும்புகிறது, எங்கே மேலே ஏறுகிறது என்பதையும் தூளால் காட்ட முடியாது, பஞ்சு காட்டும். இரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் பஞ்சை எடுங்கள்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

சென்டேரோவுக்குக் குறுக்கே காற்று அடித்தால், அது புதர்ச்சுவரின் உச்சியைத் தாண்டிக் கீழே உருண்டு விழும். காற்று வரும் பக்கத்துச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால், தரையளவில் காற்று எதிர்த்திசையில் திரும்பி உங்கள் வாடையை அந்தச் சுவருக்குள்ளேயே இழுக்கும். புதரின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை இந்தச் சுழல் இருக்கும். 10 அடி உயரப் புதர் என்றால், குறுகிய பாதையின் அகலம் முழுவதுமே சுழலுக்குள் வந்துவிடும். காற்று பாதைக்குச் சாய்வாக, மூலைவிட்டமாக வரும் நாளில் இது பெரிதும் குறைகிறது.

ஓடைப்படுகையில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்து, தாழ்ந்த பக்கம் நோக்கி வழியும். மேலே தென்கிழக்கு வீசினாலும் படுகைக்குள் உங்கள் வாடை ஓடையின் போக்கிலேயே கீழே போகும். வெயில் ஏறி ஒரு மணி நேரம் போல ஆனதும் தரை சூடாகிக் காற்று மேலெழும், திசை குழம்பும். அந்த மாறும் நேரத்தில் ஓடைக்குள் உட்காராதீர்கள். அதற்கு முன்பே அங்கே முடித்துக்கொண்டு விளிம்புக்கு வந்துவிடுங்கள். மாலையில் வெயில் இறங்கியதும் மறுபடி கீழே வழியத் தொடங்கும்.

மூன்றாவது, புதர்க்கூட்டத்தின் மறைவு. காற்றுக்கு மறைவாக இதமாக இருக்கிறது என்று தோன்றும் இடம் பெரும்பாலும் சுழல் இருக்கும் இடம். பஞ்சு உங்களிடமே திரும்பி வந்தால் எழுந்து நகர்ந்துவிடுங்கள்.

மணிக்கு 5 மைல் காற்று ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 150 யார்டு போகும். நீங்கள் உட்கார்ந்து அமைதிக்காக ஐந்து நிமிடம் காத்திருப்பதற்குள், காற்று போகும் பக்கம் நெடுந்தூரம் உங்கள் வாடையால் நிறைந்துவிட்டது. சோப்பு, தெளிப்பான், நரிமூத்திரம் என்று விற்கும் எதுவும் அதை மாற்றாது. அந்தப் பணத்தைத் தோட்டாவில் செலவழியுங்கள். காற்று போகும் பக்கத்தை இழந்த பக்கம் என்று ஒதுக்கிவிட்டு, அங்கே கொயோட்டி இருக்கத் தேவையில்லாத நிலம் அமையும்படி உட்காருவதுதான் வழி.

6. உட்காரும் இடம்

அழைப்புக்கு வரும் கொயோட்டி நேராக வராது. ஒலி வரும் இடத்தை வட்டமிட்டு, அதன் காற்று போகும் பக்கத்துக்கு வந்து முகர்ந்து பார்க்கும். இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் மொத்த வேட்டையும் நிற்கிறது. முகர வருகிற அந்தப் புள்ளியில் ஒரு திறந்த இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் வாடை ஓடும் பாதையை அது தொடுவதற்கு முன்பே அந்த இடைவெளி வந்துவிட வேண்டும்.

ஓர் அமைப்பை மனத்தில் வரைந்து பாருங்கள். வடக்கே அடர்ந்த முட்காடு, தெற்கே நீங்கள் நடந்து வந்த மேய்ச்சல் வெளி. காட்டைப் பிளந்து வடக்கு தெற்காக ஒரு சென்டேரோ வந்து வெளியில் முடிகிறது. காற்று வடகிழக்கிலிருந்து. நீங்கள் சென்டேரோவின் தெற்கு முனையில், கிழக்கு மூலையில், தலைக்கு மேல் உயர்ந்த புதரில் முதுகு சாய்த்து, நிழலுக்குள் உட்காருகிறீர்கள். மின்னணு அழைப்பானை (பதிவுசெய்த விலங்கொலியை எழுப்பும் கருவி) உங்களுக்கு 40 யார்டு வடக்கே, பாதையின் கிழக்கு ஓரத்தில், புதருக்குள் இரண்டடி தள்ளி வைக்கிறீர்கள்.

உங்கள் வாடை தென்மேற்காக வெட்டவெளிக்குப் போகிறது. அங்கே எதுவும் ஒளிந்திருக்க முடியாது. அழைப்பானின் காற்று போகும் பக்கம் சென்டேரோவுக்குக் குறுக்காக அதன் மேற்கு ஓரத்தில் விழுகிறது. கிழக்குக் காட்டிலிருந்து வருவது முகர்ந்து பார்க்கப் பாதையைக் கடந்தாக வேண்டும். மேற்குக் காட்டிலிருந்து வருவது ஓரத்துக்கு வந்து தலைநீட்டும். இரண்டும் உங்களுக்கு 20 முதல் 40 யார்டுக்குள், உங்கள் வாடையைத் தொடும் முன்பே.

அதே இடத்தில் காற்று தென்கிழக்காக இருந்தால்? உங்கள் வாடை வடமேற்காக, நேரே மேற்குக் காட்டுக்குள் போகும். அன்று அந்த இடம் வேண்டாம். வெளி வடக்கிலும் காடு தெற்கிலும் உள்ள வேறோர் இடத்துக்குப் போங்கள். நான்காவது படியில் இரண்டு குறிப்பு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மேய்ச்சல் வெளி இல்லாத இடத்தில் மாட்டுக்குட்டையின் நீர்ப்பரப்பை அந்த வேலைக்கு வையுங்கள். கரையின் உள்சரிவில், வாடை நீரின் மேல் போகும்படி உட்காரலாம். கரை கொடுக்கும் நாலைந்து அடி உயரம் முட்காட்டில் பெரிய வரம். மேலிருந்து பார்த்தால் புதரின் அடித்தண்டுகளுக்கு நடுவே கால்கள் நகர்வது தெரியும். ஆனால் கரையின் உச்சியில் உட்காராதீர்கள், வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெளிவாகத் தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: காற்றை முகத்தில் வாங்கி முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது, கொயோட்டி முதுகுப்பக்கமாக வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். அழைப்பானைத் தன் காலடியில் வைத்துக்கொள்வது, அப்போது கொயோட்டியின் கண்ணும் மூக்கும் ஒரே இடத்தை நோக்கி வரும். அழைப்பானுக்கு நேர் பின்னால் காற்று வரும் பக்கத்தில் உட்காருவது, உங்கள் வாடை அழைப்பானின் மேலேயே ஓடும். வெயிலை எதிர்கொண்டு உட்காருவதும் தவறுதான். ஆனால் வெயிலும் காற்றும் முரண்பட்டால் காற்றின் பக்கம் நில்லுங்கள்.

இருவர் போனால் ஒருவர் அழைப்பானைப் பார்த்தும், சிதறுரவைத் துப்பாக்கி (ஷாட்கன்) வைத்திருப்பவர் 75 யார்டு போலக் காற்று போகும் பக்கத்தில் ஒரு திறப்பைப் பார்த்தும் உட்காரலாம். யார் எந்தக் கோணத்துக்குள் சுடலாம் என்பதை விரலால் காட்டிப் பேசி முடித்த பிறகே உட்காருங்கள். தனியார் நிலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயமில்லை. இருவர் இருக்கும்போது தொப்பியாவது ஆரஞ்சாக இருக்கட்டும்.

7. உள்ளே நடப்பது

வண்டியைப் பார்வையிலிருந்து மறைத்து, காற்று போகும் பக்கத்தில் 300, 400 யார்டு தள்ளி நிறுத்துங்கள். கதவை அறையாமல் அழுத்திச் சாத்துங்கள். காற்று முகத்திலோ கன்னத்திலோ படும்படி நடங்கள். கொயோட்டி வரும் என்று எதிர்பார்க்கும் புதருக்குள்ளோ அதன் தடத்தின் மேலோ கால் வைக்காதீர்கள், தரையில் விட்ட வாடை நீங்கள் போன பிறகும் இருக்கும். வழியில் மானோ, காட்டுப்பன்றி போன்ற ஹவெலினாக் கூட்டமோ மிரண்டு ஓடினால் கால் மணி நேரம் அப்படியே நில்லுங்கள். உட்கார்ந்ததும் பஞ்சு விட்டுப் பார்த்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருந்துவிட்டுத் தொடங்குங்கள்.

8. துப்பாக்கியும் ரவையும்

அடர்புதருக்கு 12 கேஜ் சிதறுரவைத் துப்பாக்கியே முதல் தேர்வு. 3 அங்குலத் தோட்டாவில் 4ஆம் எண் பக்ஷாட் (பருத்த ரவை) 41 ரவை இருக்கும். புறப்படும் முன் 40 யார்டில் பெரிய தாளில் சுட்டு, 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்று எண்ணுங்கள். ஆறு ஏழுக்குக் குறைந்தால் அந்தத் தூரத்தில் சுடாதீர்கள்; ரவை சிதறுவதைக் குறைக்கும் குழல்முனைக் குறுக்கியை மாற்றிப் பாருங்கள் அல்லது 30 யார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காயம்பட்டு முள்ளுக்குள் போனதைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், அந்த உயிருக்கு அது நீண்ட வேதனை. நீண்ட சென்டேரோவை நேராகப் பார்க்கும் இடத்துக்கு .223 ரைஃபிள் ஏற்றது. அதற்குப் பின்னணியில் மண்மேடு தெரிந்தால் மட்டுமே சுடுங்கள், புதர் தோட்டாவை நிறுத்தாது.

அசைவைப் பார்த்துச் சுடக் கூடாது. முழு உடலும் தெரிய வேண்டும். பண்ணை நாய்கள் இந்த ஒலிக்கு வரும். ஹவெலினாவுக்குத் தனிப் பருவமும் வரம்பும் உண்டு. கடலோர மாவட்டங்களான வில்லசி, கென்னடி பக்கம் ஓசெலாட் என்ற புள்ளிப்பூனை இருக்கிறது. அது கூட்டாட்சிச் சட்டம் காக்கும் அழிநிலை உயிரினம், அழைப்புக்கு வரக்கூடியதும்கூட.

9. அழைப்பு

மின்னணு அழைப்பான் கொயோட்டிக்குச் சட்டப்படி சரி. விலை 150 டாலரில் தொடங்கும். 20 டாலர் வாய்க்குழலும் வேலை செய்யும், ஆனால் ஒலி உங்களிடமிருந்தே வருவதால் மேலே சொன்ன அமைப்பு பாதி கெட்டுவிடும். முயல் அலறலை மிகக் குறைந்த ஒலியில் தொடங்குங்கள், நூறு யார்டுக்குள்ளேயே ஒன்று படுத்திருக்கலாம். இரண்டு நிமிடத்துக்குப் பின் ஏற்றுங்கள். பிப்ரவரியில், உட்கார்ந்திருக்கும் நேரத்தின் கடைசிப் பகுதியில், ஒரு பெண் கொயோட்டி ஊளையும் குட்டி அலறலும் சேருங்கள். அடர்புதரில் 25 முதல் 30 நிமிடம் இருங்கள், மெதுவாகத்தான் சுற்றி வரும்.

பத்தடிப் பாதையை அது இரண்டு நொடியில் கடந்துவிடும். துப்பாக்கி முன்பே தோளில், முழங்காலில் ஊன்றி இருக்க வேண்டும். பாதையில் கால் வைத்ததும் வாயால் ஒரு சின்னக் குரைப்பு கொடுத்தால் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணம்தான் உங்களுக்குக் கிடைப்பது. சுட்டதும் எழாதீர்கள். அழைப்பானில் குட்டி அலறலை மாற்றி இன்னும் ஐந்து நிமிடம் இருங்கள், இணை பின்னால் வருவது வழக்கம்.

இடையில் காற்று திரும்பினால் அழைப்பை நிறுத்தி, சத்தமில்லாமல் வந்த வழியே வெளியேறுங்கள்.

10. சுட்ட பிறகு

விழுந்த இடத்தைக் கண்ணால் ஒரு மரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டே நடங்கள், முள்ளுக்குள் திசை மாறும். பின்பக்கமாக அணுகி, குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். வெறுங்கையால் தூக்காதீர்கள்: வெறிநோய், உண்ணி, சொறிப்பூச்சி மூன்றுக்குமாக ரப்பர் கையுறை. உயிரோடு கொயோட்டியைக் கொண்டுபோவதற்கு மாநிலத் தடை உள்ளது. உடலைச் சாலையோரத்தில் போடுவதும் குற்றம். எங்கே போடுவது என்று உரிமையாளரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். சிலர் படம் அனுப்பச் சொல்வார்கள், சிலர் புதைக்கச் சொல்வார்கள்.

குறிப்பேட்டில் தேதி, மணி, காற்றின் திசை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த இடத்தில் முதலில் தெரிந்தது என்று எழுதுங்கள். வராத இடத்துக்கும் எழுதுங்கள். வெறும் தோட்டாக்கூடுகளைப் பொறுக்குங்கள், மாட்டின் வாயில் போகும். வாயில்கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று உள்ளே வரும்போதே பார்த்து வைத்து, போகும்போது அப்படியே விட்டுப் போங்கள். எத்தனை பார்த்தீர்கள், எந்த வேலிப்பக்கம் தடம் இருந்தது என்று அன்றே உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த ஆண்டும் அனுமதி கிடைக்க அது உதவும்.